புதுப்பிப்பு: தயிர்சாதம் மட்டும் சாப்பிடும் மகள்

போன மாதம் கேட்டிருந்தேன்: நாலு வயது மகள் தயிர்சாதம், பால் தவிர எதையும் தொடுவதில்லை, சத்துக்கு என்ன செய்வது என்று.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. இந்த வயதில் 11-ஆவது இருக்க வேண்டும். டாக்டர் முதலில் குறைக்கச் சொன்னது பாலைத்தான். தினம் நாலு டம்ளர் குடித்தால் வயிறும் நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் சரியாக உடம்பில் சேராது. இப்போது இரண்டே டம்ளர், சாப்பாட்டு நேரம் தவிர்த்து. இரும்புச்சத்து சிரப்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அப்புறம் முருங்கைக்கீரை அடை. முதல் மூன்று தடவை ஒவ்வொரு இலையாகக் கிள்ளித் தட்டோரம் வைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று பாதி அடை இலையோடு உள்ளே போனது! கூடவே ரெண்டு துண்டு கொய்யா. அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும்.

"ஒளித்து ஊட்டாதே, கண்ணில் படட்டும்" என்று சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்கணும்.