ஊர்ல சேத்த நோ கிளைம் போனஸை வெளிநாட்டுல காட்டுறது எப்படி? (குமரி மக்களுக்கு)

திருவனந்தபுரத்துல விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிருக்க வேண்டிய வேலை இது. ஏறிட்டீங்கன்னாலும் குத்தமில்ல, ஈமெயில் இருக்கு, ஊர்ல அப்பாவோ தம்பியோ இருப்பாங்க. உங்க கார் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட இருந்து நோ கிளைம் போனஸ் லெட்டர் ஒண்ணு வாங்கி வைங்க. புது நாட்டுல இன்சூரன்ஸ் விலையைக் கேட்டு மலைச்சுப்போய் நம்ம மக்கள் கேக்குற கேள்விகளுக்கெல்லாம் சேத்து இங்கேயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

முதல்ல அடிப்படை. நோ கிளைம் போனஸ்ங்கிறது, வருஷம் முழுக்க கிளைம் போடாம, அதாவது கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேக்காம ஓட்டினதுக்கு அடுத்த வருஷப் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி. இந்த போனஸ் காருக்கு உரியது இல்ல, பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு உரியது. காரை வித்தாலும் உங்ககூட வரும், கம்பெனி மாத்தினாலும் வரும். காரை வாங்கினவருக்குப் போகாது. இந்தியாவுல ஒரு வருஷம் கிளைம் இல்லாம ஓட்டினா 20 சதவீதம், ரெண்டு வருஷம் 25, மூணுக்கு 35, நாலுக்கு 45, அஞ்சுக்கு 50. அதோட நின்னுடும், பத்து வருஷம் ஓட்டினாலும் 50தான். இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு, அதாவது உங்க சொந்தக் காருக்கு வர்ற சேதத்துக்காகக் கட்டுற பங்குக்கு மட்டும். தேர்ட் பார்ட்டி பிரீமியம், அதாவது உங்க காரால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கான பங்கு, அரசாங்கம் நிர்ணயிக்கிறது, அதுல போனஸ் கிடையாது. வண்டி வகையும் ஒண்ணா இருக்கணும். ஸ்கூட்டர்ல சேத்ததைக் காருக்கு மாத்த முடியாது.

லெட்டர் பள்ளிக்கூடம் மாறும்போது வாங்குற டி.சி. மாதிரிதான்: பழைய இடத்துக்காரங்க எழுதித் தந்தாத்தான் புது இடத்துல மதிப்பு. ஆனா என்ன எழுதியிருக்குன்னு வாங்கும்போதே படிச்சுப் பாக்கணும். பெரும்பாலான லெட்டர்ல "50 சதவீதம் தகுதி"ன்னு ஒரு வரியோட முடிச்சிடுவாங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம்ம சதவீதம் புரியாது, அவங்க கேக்குறது வருஷக் கணக்கு. அதனால எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் பாலிசி ஓடுச்சு, அதுல எத்தனை வருஷம் கிளைம் இல்ல, பாலிசி நம்பர், டி.என். 74 இல்ல டி.என். 75ன்னு வண்டி நம்பர், பிரைவேட் கார்ங்கிற வார்த்தை, கம்பெனி லெட்டர்ஹெட், பதில் போட ஒரு ஈமெயில் முகவரி, இத்தனையும் இங்கிலீஷ்ல இருக்கச் சொல்லி எழுதிக் கேளுங்க. நடுவுல கம்பெனி மாத்தியிருந்தா பழைய கம்பெனி பாலிசித் தாள்களும் வேணும், கடைசிக் கம்பெனி தன்கிட்ட ஓடின வருஷத்துக்கு மட்டும்தான் எழுதித் தரும்.

அடுத்தது நம்ம ஊர்ப் பிரச்சனை, இனிஷியல். ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பேருக்கு முன்னாடி ஒரே ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டுல அப்பா பேர் முழுசா சர்நேமா உக்காந்திருக்கும். சிலருக்கு ஞானஸ்நானப் பேர் ஒரு தாள்ல இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. வெளிநாட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்கு அது ரெண்டு ஆள். லெட்டர்ல பாஸ்போர்ட்டுல உள்ளபடி பேரும் பிறந்த தேதியும் போடச் சொல்லுங்க. பாலிசியிலேயே பேரைத் திருத்தி எண்டார்ஸ்மென்ட் (கம்பெனி தர்ற திருத்தச் சீட்டு) வாங்கிட்டா இன்னும் சுத்தம்.

சரி, ஊர்ல நிக்கிற காரை என்ன செய்யப் போறீங்க? போனஸ் போறதும் நிக்கிறதும் இங்கேதான் இருக்கு.

வித்துட்டீங்கன்னா நல்லது. ஃபாரம் 29, 30 போட்டு ஆர்.சி.யை வாங்கினவர் பேருக்கு மாத்தினதுக்கு அத்தாட்சியை வச்சுக் கம்பெனியில எழுதிக் கொடுத்தா, போனஸை உங்க பேர்ல நிறுத்தி வச்சு லெட்டர் தருவாங்க. அது மூணு வருஷம் வரைக்கும் செல்லும். அதுக்குள்ள ஊருக்குத் திரும்பி வேற கார் வாங்கினா அதே சதவீதத்துல இருந்து தொடங்கலாம்.

விக்காம ஷெட்டுல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிட்டு வந்திருக்கீங்களா? அப்போ கணக்கு மூணு வருஷம் இல்ல, 90 நாள். பாலிசி முடிஞ்ச நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலன்னா சேத்ததெல்லாம் பூஜ்யம். 2018 செப்டம்பர்ல இருந்து புதுக் காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி சேத்தே எடுக்கணும்ங்கிறதால, வீட்டுல உள்ளவங்க அந்தத் தாளைப் பாத்துட்டு "இன்சூரன்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் கெடக்குல்லா மக்கா"ன்னு போன்ல சொல்லிடுவாங்க. கெடக்குறது தேர்ட் பார்ட்டி. போனஸ் ஒட்டியிருக்கிற ஓன் டேமேஜ் வருஷா வருஷம் முடியுது. அந்தத் தேதியை உங்க போன்லயே போட்டு வைங்க, அம்மாவை நம்பி விடாதீங்க. தேதி தாண்டிப்போச்சுன்னா கம்பெனி காரைப் பாத்து போட்டோ எடுத்த பிறகுதான் பாலிசி தரும், அதுக்குச் சாவியோட ஒரு ஆள் வீட்டுல நிக்கணும்.

தம்பி பேருக்கு மாத்திக் கொடுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: கார் போகும், போனஸ் போகாது. அவனுக்கு ஏற்கெனவே சொந்தமா போனஸ் இல்லன்னா பூஜ்யத்துல இருந்து தொடங்கணும், ஓடிட்டு இருக்கிற பாலிசியில நீங்க வாங்கின தள்ளுபடியையும் மீதி நாளுக்குக் கணக்குப் பண்ணி அவன்கிட்ட வசூலிப்பாங்க. போனஸ் குடும்பத்துக்குள்ள கை மாறுறது பாலிசிதாரர் இறந்து, கார் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ பெத்தவங்களுக்கோ வரும்போதுதான். அப்பா பேர்ல கார் இருந்து ஓட்டினதெல்லாம் நீங்கன்னா, வருத்தமான விஷயம், உங்களுக்குன்னு சேந்த போனஸ் ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட இருக்கிறது லைசென்ஸ்ல முதல்ல போட்ட தேதி மட்டும்தான். அதையாவது விடாம காட்டுங்க.

இன்னொண்ணு, பேரை மாத்தாம சாவியை மட்டும் தம்பிகிட்ட கொடுத்துட்டு வர்றது. இதுதான் நம்ம ஊர்ல அதிகம் நடக்குது. அவன் களியக்காவிளை ரோட்டுல எங்கேயாவது உரசிட்டு கிளைம் போட்டா போறது உங்க போனஸ். தப்பு யார் மேலன்னு கூட பாக்கறதில்ல. தென்னைக்குக் கீழ நிறுத்தி ஒரு தேங்காய் விழுந்து கண்ணாடி உடைஞ்சாலும், அதுக்குக் கிளைம் போட்டா கிளைம்தான். போனஸ் பாதுகாப்புன்னு கூடுதல் காசு கட்டித் தனியா ஒரு ஆட்-ஆன் எடுத்திருந்தா தப்பிக்கலாம், இல்லன்னா 50ல இருந்து நேரா பூஜ்யம்.

கணக்குக்காக ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷம் 12,000 ரூபாய்ன்னு வைங்க. 50 சதவீதத்துல நீங்க கட்டுறது 6,000. ஒரு கிளைம் போட்ட பிறகு வருஷா வருஷம் கட்டுறது 12,000, 9,600, 9,000, 7,800, 6,600, அப்புறம்தான் பழைய 6,000. கூட்டிப் பாருங்க, அந்த ஒரு கிளைமுக்காகக் கூடுதலா 15,000 போயிருக்கும். பம்பர்ல கீறல் விழுந்து 4,000 ரூபாய்க்கு ஒர்க்‌ஷாப்காரர் "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்"னு சொன்னா, கையில இருந்து கொடுத்துடச் சொல்லுங்க. தம்பிகிட்ட இதை முன்கூட்டியே சொல்லி வைக்கணும், போட்ட பிறகு சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல.

இனி நீங்க இருக்கிற நாடு.

பிரிட்டன்ல இருக்கிறவங்க கேள்விதான் அதிகம், நர்ஸா வந்த பிள்ளைகள் நிறைய பேர் அங்கே. உண்மையைச் சொல்லிடுறேன்: நெட்டுல விலை ஒப்பிட்டுப் பாத்து வாங்குற கம்பெனிகள்ல நிறைய பேர் இந்திய லெட்டரை எடுக்க மாட்டாங்க. எடுக்கிறவங்களும் இருக்காங்க, புரோக்கருக்குப் போன் பண்ணிக் கேட்டாத்தான் தெரியும். அவசரத்துல செய்யக்கூடாதது ஒண்ணு இருக்கு. ஃபாரத்துல "எத்தனை வருஷ நோ கிளைம்?"னு கேக்கும்போது, ஊர்ல அஞ்சு வருஷம் இருக்கேன்னு 5ன்னு போட்டா விலை சட்டுனு குறையும். வாங்கின பிறகு அத்தாட்சி கேப்பாங்க. இந்திய லெட்டரை அனுப்பினா மீதிப் பணத்தைக் கட்டச் சொல்லுவாங்க, இல்லன்னா பாலிசியை ரத்து பண்ணிடுவாங்க. ரத்து பண்ணினது பெரிய தலைவலி. அதுக்குப் பிறகு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் "உங்க பாலிசியை யாராவது ரத்து பண்ணியிருக்காங்களா?"ன்னு ஒரு கேள்வி இருக்கும், ஆமான்னு போட்டா விலை ஏறும். அதனால முதல்ல கேளுங்க, சரின்னு ஈமெயில்ல வாங்குங்க, பிறகு நம்பரைப் போடுங்க. ஊர்ல காரும் அதே போனஸோட உங்க பேர்லயே ஓடிட்டு இருந்தா அதையும் சொல்லிடணும். ஒரே போனஸை ஒரே நேரத்துல ரெண்டு வண்டிக்குக் காட்ட அங்கே விடுறதில்ல.

"அத்தான் பேர்ல இன்சூரன்ஸ் போட்டு என்னைக் கூடுதல் டிரைவரா சேத்தா பாதி விலைதான் வருது, போடலாமா அண்ணா?"ன்னு கருங்கல் ஊர்த் தங்கச்சி ஒண்ணு கேட்டிருந்துச்சு. தினமும் டியூட்டிக்கு ஓட்டிட்டுப் போறது நீதான்னா கூடாதும்மா. முக்கிய டிரைவர் யாருன்னு பொய் சொல்றது அங்கே மோசடி, கிளைம் வரும்போது கையை விரிச்சிடுவாங்க. அதோட கூடுதல் டிரைவரா எத்தனை வருஷம் இருந்தாலும் பொதுவா உன் பேர்ல போனஸ் சேராது. முதல் வருஷம் வலிக்கத்தான் செய்யும், உன் பேர்லயே போடு. இந்திய லைசென்ஸ்ல அங்கே 12 மாசம்தான் ஓட்டலாம், அதுக்குள்ள அந்த ஊர் டெஸ்ட் பாஸ் பண்ணினா இன்சூரன்ஸும் கொஞ்சம் இறங்கும்.

பிரிட்டன்ல கம்பெனி மாத்துறதா இருந்தா வருஷம் முடியும்போது மாத்துங்க. நடுவுல நிறுத்தினா அந்த வருஷம் பொதுவா போனஸ்ல சேராது, பதினோரு மாசம் ஓட்டியிருந்தாலும் சரி. ஆனா காரை மட்டும் மாத்துறதுக்குப் பாலிசியை நிறுத்தத் தேவையே இல்ல. அதே பாலிசியில புது வண்டி நம்பரைப் போடச் சொன்னா வித்தியாசத்தையும் ஒரு சின்னக் கட்டணத்தையும் வாங்கிட்டு மாத்தித் தருவாங்க. காரை வித்துட்டுக் கொஞ்ச காலம் இல்லாம இருந்தா பெரும்பாலான கம்பெனி ரெண்டு வருஷம் வரைக்கும் பழைய போனஸை ஏத்துக்கும். "புரொடெக்டட்"னு கூடக் காசு வாங்குறதைப் பத்தி: அது தள்ளுபடியைத்தான் காப்பாத்தும், விபத்துக்குப் பிறகு அடிப்படை விலையை ஏத்துறதைத் தடுக்காது.

சிங்கப்பூர்ல கணக்கு சுலபம். வருஷத்துக்கு 10 சதவீதம், அஞ்சு வருஷத்துல 50. உங்க தப்புன்னு ஒரு கிளைம் வந்தா 30 புள்ளி இறங்கும், 50 வச்சிருந்தவங்க 20க்கு வருவாங்க. சின்ன இடிப்பா இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள இல்ல அடுத்த வேலை நாளுக்குள்ள கம்பெனிக்குச் சொல்லணும், சொல்லலன்னா அதுக்காகவே போனஸைக் குறைக்கலாம். "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிட்டோம்"ங்கிற நம்ம வழக்கம் அங்கே எடுபடாது. மலேசியாவுல வருஷ வாரியா தள்ளுபடிப் படிகள் 25, 30, 38.33, 45, 55 சதவீதம்.

அமீரகத்துக்குப் போனவங்க லைசென்ஸ் எடுத்துக் காரும் வாங்கியாச்சுன்னா, இந்திய லெட்டரைக் காட்டி ரெண்டு மூணு கம்பெனியில விலை கேளுங்க, சிலது குறைக்கும். அங்கே பாலிசி 13 மாசத்துக்கு ஓடும், முல்கியா (அந்த ஊர் ஆர்.சி.) புதுப்பிக்கிறதுக்கு அந்தக் கூடுதல் மாசம். புதுப்பிக்கும்போது கம்பெனி மாத்துறவங்க பழைய கம்பெனியில நோ கிளைம் சர்டிபிகேட் கேட்டு வாங்கிட்டுத்தான் மாறணும். சவுதியில விபத்து, இன்சூரன்ஸ் விவரங்களைப் பதியுற நஜ்ம்ங்கிற நிறுவனம் மூலமா இகாமா (குடியிருப்பு அட்டை) நம்பரை வச்சே கிளைம் வரலாறு தெரிஞ்சிடும், தாள் தேடி அலையுறது குறைவு.

வளைகுடாவுல இருக்கிறவங்க கடைசியில ஊருக்குத்தான் வரப்போறீங்க, அதனால இதை நல்லா கேட்டுக்கங்க. வெளிநாட்டுல சேத்த போனஸை இந்தியாவுக்கும் கொண்டு வரலாம். இந்திய மோட்டார் டாரிஃப்ங்கிற வண்டி இன்சூரன்ஸ் விதிப் புத்தகத்தோட பொது விதி 27ல அது தெளிவா இருக்கு: வெளிநாட்டுப் பாலிசி முடிஞ்ச மூணு வருஷத்துக்குள்ள இங்கே பாலிசி எடுத்து அத்தாட்சி காட்டினா, இங்குள்ள விதிப்படி போனஸ் கொடுக்கலாம். நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்துலயோ ஏஜென்ட்கிட்ட சொன்னா "அப்படியெல்லாம் கிடையாது சார்"னுதான் முதல்ல சொல்லுவார், அவர் அன்றாடம் பாக்குற விஷயம் இல்ல அது. விதி நம்பரைச் சொல்லிக் கம்பெனி கிளைக்கே எழுதிக் கேளுங்க. ஏஜென்ட் இன்னொண்ணும் சொல்லுவார்: "50 போட்டுக்கலாம் சார், யார் பாக்கப் போறா?" பாப்பாங்க. கம்பெனி மாறும்போது நீங்க கையெழுத்துப் போடுற உறுதிமொழியை வச்சுப் புதுக் கம்பெனி பழைய கம்பெனிகிட்ட கேட்டு எழுதும். பொய்னு தெரிஞ்சா ஓன் டேமேஜ் பாதுகாப்பே போயிடும், அதுவும் கார் நசுங்கிக் கிடக்கிற நேரத்துல.

வெளிநாட்டுல காரை வித்துட்டுப் புறப்படுற வாரத்துலயே அந்த ஊர் கம்பெனிகிட்ட லெட்டரை வாங்கிடுங்க. அரபியில மட்டும் தந்தா இங்கிலீஷ்லயும் கேளுங்க, பேர் பாஸ்போர்ட் மாதிரியே இருக்கான்னு ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் பாருங்க. விசா கேன்சல் ஆகி அந்த ஊர் போன் நம்பரும் போன பிறகு, அவங்க வெப்சைட்டுக்குள்ள நுழையுற ஓ.டி.பி. கூட உங்களுக்கு வராது.