அருகருகே செல்லும் இரு செம்புக் கம்பிகள்: 100 கிலோஹெர்ட்ஸில் கணக்கும் அளவீடும் ஒத்துவரவில்லை

கேள்வி:

வணக்கம். ஒரு எஸ்எம்பிஎஸ் (மின்னோட்டத்தை மிக வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி இயங்கும்) மின்வழங்கிக்காக 2 மி.மீ. விட்டமுள்ள இரண்டு எனாமல் செம்புக் கம்பிகளை, மையத்துக்கு மையம் 2.5 மி.மீ. இருக்குமாறு, 1 மீட்டர் நீளத்துக்கு இணையாகப் பொருத்தியிருக்கிறேன். ஒன்றில் போகும் மின்னோட்டம் மற்றதில் திரும்புகிறது. மறுமுனைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, எல்சிஆர் மீட்டரில் (தூண்டல், மின்தேக்கம், தடை ஆகியவற்றை அளக்கும் கருவி), இணைப்புக் கம்பிகளின் தடை சேராத நான்கு முனை முறையில் அளந்தேன்: 100 ஹெர்ட்ஸில் 11 மில்லிஓம், 100 கிலோஹெர்ட்ஸில் 42 மில்லிஓம். தோல் விளைவை (அதிர்வெண் கூடும்போது மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்குவது) மட்டும் கணக்கிட்டால் 29 தான் வருகிறது. அண்மை விளைவையும் (பக்கத்துக் கம்பியின் மின்னோட்டத்தால் இந்தக் கம்பியின் மின்னோட்டம் ஒரு பக்கமாக ஒதுங்குவது) சேர்க்க வேண்டி, ஒவ்வொரு கம்பியின் குறுக்குவெட்டையும் 0.4 மி.மீ. சதுர இழைகளாக (5×5 கட்டத்தில் நான்கு மூலைகளை நீக்கி 21 இழைகள்) பிரித்துப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். அதன் விடை 27! இன்னொரு விளைவைச் சேர்த்த பிறகு தடை குறைவது எப்படி?

பதில் 1:

அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டாம். அதிர்வெண் மிக அதிகமாகி, மின்னோட்டம் முழுவதும் மேற்பரப்பிலேயே ஓடும் நிலையில், எதிரெதிர் மின்னோட்டங்களுக்கு எளிய சூத்திரம் உண்டு. விட்டத்தை மைய இடைவெளியால் வகுத்து வருவதை k என்று கொண்டால், தனிக் கம்பியின் தடை 1/√(1−k²) மடங்காகும். உங்களுக்கு k = 0.8, ஆகவே 1.67 மடங்கு, அதாவது சுமார் 48 மில்லிஓம். அந்த எல்லை நிலையில், ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்தில் மின்னோட்ட அடர்த்தி சராசரியைப் போல் 3 மடங்காகவும், முதுகுப்புறத்தில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கும். 100 கிலோஹெர்ட்ஸில் ஊடுருவு ஆழம் (மேற்பரப்பிலிருந்து மின்னோட்டம் உள்ளே பரவும் ஆழம்) 0.21 மி.மீ.; கம்பிகளுக்கு நடுவில் உள்ள வெளியோ 0.5 மி.மீ. தான். எனவே நீங்கள் இன்னும் அந்த எல்லையை எட்டவில்லை. 29க்கும் 48க்கும் நடுவே 42 என்பது இயல்பானதே.

பதில் 2:

மின்வடங்களுக்கான ஐஇசி 60287 என்ற பன்னாட்டுத் தரத்தில் அண்மை விளைவுக்கு நேரடிச் சூத்திரம் இருக்கிறதே, நிரல் எதற்கு?

பதில் 1 எழுதியவர்:

அது 50 ஹெர்ட்ஸ் மின்வடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதில் வரும், அதிர்வெண்ணையும் கம்பியின் தடையையும் பொறுத்த x என்ற அளவு 2.8ஐத் தாண்டாதவரைதான் அந்த வாய்பாட்டை நம்பலாம். இவருடைய கம்பிக்கு x ஏறத்தாழ 6.8.

பதில் 3:

நிரலின் தவறு கட்டத்திலேயே இருக்கிறது. 21 சதுரங்களின் பரப்பு 3.36 ச.மி.மீ.; கம்பியின் உண்மைப் பரப்பு 3.14. ஆகவே நேர்மின்னோட்டத்துக்கே நிரல் 11க்குப் பதிலாக 10.3 தான் தரும். முதலில் இதைத்தான் சரிபார்த்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கோளாறு, ஓர் இழைக்குள் மின்னோட்டம் சீராக இருப்பதாகக் கொள்ளும் இம்முறையில், இழையின் பக்கம் ஊடுருவு ஆழத்தைப் போல் இரு மடங்காக இருப்பது. உண்மையில் மெல்லிய மேல்தோலில் நெருக்கியடித்து ஓடும் மின்னோட்டத்தை நீங்கள் 0.4 மி.மீ. தடிப்புக்குப் பரப்பிவிடுகிறீர்கள், தடை குறையாமல் என்ன செய்யும்? சதுரங்களை விட்டுவிட்டு வளையங்களாகப் பிரியுங்கள். வெளி வளையங்கள் 0.05 மி.மீ. தடிப்பில் இருக்கட்டும்; உள்ளே போகப் போகத் தடிப்பைக் கூட்டலாம். இழையின் தன்தூண்டலுக்கு (தன் மின்னோட்டத்தால் தன்னிலேயே எழும் தூண்டல்), அதன் குறுக்குவெட்டைச் செவ்வகமாகக் கருதி, அந்தச் செவ்வகத்தின் நீள அகலங்களின் கூட்டுத்தொகையில் 0.2235 பங்கைத் தூரமாக இடுங்கள். இரு கம்பிகளின் மொத்த மின்னோட்டமும் சேர்ந்து சுழியாக வேண்டும். இல்லையெனில், தூரத்தின் மடக்கையிலிருந்து (log) தூண்டலைக் கணக்கிடும் வாய்பாடே செல்லாது. முதலில் இரண்டாவது கம்பியை வெகுதூரம் தள்ளிவைத்து ஓட்டிப் பாருங்கள். 29 வந்தால்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. சுற்றளவை 72 பகுதிகளாக்கி, வளையமுறையில் மாற்றி எழுதினேன். கம்பியைத் தள்ளிவைத்தபோது 29.1; பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் 41.7. ஒரு துணைக்கேள்வி: போகும் பக்கத்தில் மூன்று கம்பிகளை ஒரே வரிசையில் இணைத்தால், மின்னோட்டத்தை மூன்றாகப் பங்கிட்டு உள்ளிடலாமா?

பதில் 3 எழுதியவர்:

கூடாது. மூன்றுக்கும் ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்து, மின்னோட்டங்கள் விடையாக வரட்டும். திரும்பும் கம்பி தொலைவில் இருந்தால், நடுக்கம்பிக்குக் குறைவாகவும் ஓரக் கம்பிகளுக்கு அதிகமாகவும் போவதைக் காண்பீர்கள்.