பெர்லினில் வழிகாட்டியோடு நடந்தவர்கள் வாருங்கள்: எந்த இடம் இன்னும் உறுத்துகிறது?

தெருமுனை:

பெர்லின் போனவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் பிராண்டன்பர்க் வாசல், சுவர், செக்பாயிண்ட் சார்லி எல்லாம் விளக்கப் போவதில்லை. குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் போவார், பின்னால் இருபது பேர் ஓடுவோமே, அந்த மூன்று மணி நேர நடைதான். நவம்பர். காது மரத்துப் போகிற குளிர்.

எனக்கு உறுத்துவது அந்தக் கார் நிறுத்தம். ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று தற்கொலை செய்துகொண்ட பதுங்குகுழி இருந்த இடம். மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. மண்தரை, சில கார்கள், சுற்றிலும் கிழக்கு ஜெர்மனிக் காலத்து அடுக்குமாடிகள். ஒரு தகவல் பலகை மட்டும் நிற்கிறது. அதையும் 2006 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில்தான் வைத்தார்களாம். இங்கே எவனும் வந்து பூ வைத்துவிடக் கூடாது என்றுதான் இப்படி வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்றார் வழிகாட்டி. பக்கத்துத் தெருவுக்கு கெர்ட்ரூட் கோல்மார் பெயர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதக் கவிஞர். இதைச் சொல்லும்போது அவர் லேசாகச் சிரித்தார், எனக்கும் பிடித்திருந்தது.

அப்புறம் யார் யார் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தார். இந்தியா என்றேன். "அப்படியென்றால் போஸ் தெரியுமே, டியர்கார்டன் பக்கம்தான் அவர் அலுவலகம் இருந்தது" என்றார். அவ்வளவுதான், அதுவரை கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்ற நான் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டேன். கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்து தப்பியது, காபூல், மாஸ்கோ, இத்தாலியப் பாஸ்போர்ட்டில் ஓர்லாண்டோ மசோட்டா என்ற பெயர், 1941 ஏப்ரலில் பெர்லின் வந்து சேர்ந்தது, ஆசாத் ஹிந்த் வானொலி, எல்லாம். கேட்டவர்கள் கண்ணை அகல விரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழுவில் வார்சாவிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவர் கேட்டார்: "1941இலா? இங்கேயா?"

"ஆமாம்."

"யாருடைய விருந்தாளியாக?"

குரலில் கோபமே இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அங்கே நின்ற ஒரு வெள்ளைக் காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி குடையைத் தூக்கினார்.

அடுத்த இடம் யூதர் நினைவிடம். 2,711 கான்கிரீட் பாளங்கள். உள்ளே போகப் போகத் தரை இறங்கும், பாளங்கள் தலைக்கு மேல் போய்விடும். பாளங்களுக்கு நடுவே ஒவ்வொரு சந்தாகக் கடக்கும்போதும் தூரத்தில் அந்தப் பாட்டியும் இன்னொரு சந்தில் கடப்பார். ஒரு நொடி தெரிவார், மறைவார். மூன்று முறையோ நான்கு முறையோ. நான் எட்டிப் போய்ப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

கத்திரிவெயில்:

என்ன சார் இது, வாயடைத்துப் போய் நிற்க என்ன இருக்கிறது? நேதாஜி அங்கே போனது வெள்ளைக்காரனை விரட்ட. அவர் 1936லேயே, இந்தியர்களைப் பற்றி ஹிட்லர் இழிவாகப் பேசியதைக் கண்டித்து ஜெர்மானியர்களுக்குக் கடிதம் எழுதியவர். வங்கத்தில் 1943 பஞ்சத்தில் செத்தவர்களைப் பற்றி அந்தப் பாட்டிக்குத் தெரியுமா? லண்டனில் போய் நடந்து பாருங்கள், சர்ச்சில் சிலைக்குக் கீழே எந்த வழிகாட்டியாவது வங்கம் என்ற சொல்லை உச்சரிக்கிறாரா என்று. நான் கேட்டுப் பார்த்தேன், அடுத்த சிலைக்குப் போய்விட்டார். இதுதான் என் அனுபவம். நீங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் அது வேறு.

பழைய நூலகர்:

கத்திரிவெயில் தம்பி, அந்த அம்மா வாதத்துக்குக் கேட்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். போஸ் பெர்லினில் இருந்த 1942இல், நாஜிகள் பிடியில் இருந்த வார்சாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டில் யாரை இழந்தார் என்று நமக்குத் தெரியாது. போஸ் சொன்ன காரணம் நியாயமாகவே இருக்கட்டும், அதை அந்த இடத்தில் அவரிடம் சொல்ல எனக்கும் நா எழாது.

என் கதை பேபெல்பிளாட்ஸ். 1933 மே 10 அன்று புத்தகங்களைக் குவித்து எரித்த சதுக்கம். பல்கலைக்கழகத்துக்கு எதிரே. எரித்தவர்களில் மாணவர்கள் நிறைய, இதைக் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது, நாற்பது வருடம் மாணவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் நான். நினைவுச் சின்னம் எங்கே என்று தேடினால் தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம். அவ்வளவுதான். இஸ்ரேலியச் சிற்பி மீக்கா உல்மான் செய்தது. பகல் வெளிச்சத்தில் உள்ளே ஒன்றும் தெரியாது, வானமும் நம் முகமும்தான் தெரியும். நான் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். வழிகாட்டிப் பையன் தன் பச்சைக் குடையைக் கண்ணாடிக்கு மேல் சாய்த்துப் பிடித்தான். அப்போதுதான் தெரிந்தது: கீழே ஓர் அறை, நான்கு சுவரிலும் வெள்ளை அலமாரிகள், எல்லாம் காலி. ஏறக்குறைய 20,000 புத்தகம் பிடிக்குமாம், எரித்த கணக்குக்கு. காலி அலமாரி எனக்குப் புதிதல்ல, ஆண்டுக் கணக்கெடுப்பில் பார்த்ததுதான். ஆனால் பக்கவாட்டுத் தட்டுகள் அத்தனை சுத்தமாக இருந்ததுதான் என்னமோ செய்தது.

பக்கத்தில் ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் நாடகம் ஒன்றிலிருந்து ஒரு வரி பதித்த தகடு இருக்கிறது, புத்தகத்தை எரிக்கிற இடத்தில் கடைசியில் மனிதர்களையும் எரிப்பார்கள் என்ற வரி. நாஜிகளுக்கு நூறு வருடம் முன்பே எழுதியது. அந்த நாடகத்தில் எரிக்கப்படுவது குர்ஆன் என்று பையன் சொன்னான். தகட்டில் அது இல்லை.

யாராவது யாழ்ப்பாண நூலகத்தை எரித்தது பற்றி எழுதத்தான் போகிறீர்கள், நானே எழுதிவிடுகிறேன். ஆமாம், சொன்னேன். எந்த ஆண்டு என்று கேட்டான். 1981 என்றேன். எத்தனை புத்தகம்? ஒரு லட்சம் என்றேன். பேனாவை எடுத்துப் புறங்கையில் எழுதிக்கொண்டான்: 1981, 100,000. அறைக்குத் திரும்பித்தான் ஞாபகம் வந்தது, ஏறக்குறைய 97,000 என்றுதான் எங்கும் எழுதியிருக்கும். மூவாயிரம் புத்தகத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்து வாழ்ந்தவள். அந்தப் பையன் கையில் நான் தப்புக் கணக்கை எழுத வைத்துவிட்டேன்.

மணி மாமா:

எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். நான் போன நடையில் இரண்டாவது மணி நேரத்தில் எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது, டோபோகிராஃபி ஆஃப் டெரர் என்ற கண்காட்சி வரும்வரை வழிகாட்டி நிறுத்தவே இல்லை. நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமையகம் இருந்த அந்த இடத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. என் கதை அவ்வளவுதான்.

போகப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். கழிப்பறைக்கு ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள், பெர்லினில் நடைபாதை கருங்கல் பாவியது, இரண்டாம் நாளே குதிகால் கொப்புளிக்கும். கடையில் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போது பார்த்து எடுங்கள், பாதிக்கு மேல் சோடா. குடித்த பாட்டிலை எறியாதீர்கள், திரும்பக் கொடுத்தால் 25 சென்ட் வரும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை கிடையாது, சனிக்கிழமையே பிரெட், பால் வாங்கி வைத்துவிடுங்கள். ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு இல்லை என்று சும்மா ஏறாதீர்கள், டிக்கெட்டை மெஷினில் முத்திரை குத்தாவிட்டால் 60 யூரோ அபராதம், என் மச்சான் கட்டினார். நாடாளுமன்றமான ரைஷ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடம் இலவசம்தான், ஆனால் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். செம்மண் நிறத்தில் பாதை இருந்தால் அது சைக்கிளுக்கு, அதில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், மணி அடிக்க மாட்டார்கள், திட்டத்தான் செய்வார்கள். "இலவச" நடை என்பது இலவசம் இல்லை. எங்கள் வழிகாட்டி கடைசியில் சொன்னார், வருகிற ஒவ்வொரு தலைக்கும் அவர் நிறுவனத்துக்குக் காசு கட்ட வேண்டுமாம். நாம் ஒன்றும் தராமல் நழுவினால் அது அவர் கைக்காசு. ஆகவே ஆளுக்குப் பத்து யூரோவாவது கொடுங்கள். சில்லறை இல்லை என்று சொல்லாதீர்கள், இப்போது கார்டு மெஷினே வைத்திருக்கிறார்கள்.

சைக்கிள் ராஜா:

மாமா, ஷூ பற்றி யாரும் கேட்கவில்லையே :)

என்னுடையது சிம்மர் தெரு. பீட்டர் ஃபெக்டர், 18 வயது, கொத்தனார் வேலை செய்த பையன். 1962 ஆகஸ்ட் 17 அன்று மேற்கே தப்பிப் போகச் சுவர் ஏறும்போது கிழக்கு ஜெர்மனிக் காவலர்கள் சுட்டார்கள். கிழக்குப் பக்கம் விழுந்து கிடந்தான். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கத்தினான், இரண்டு பக்கமும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் போகவில்லை. எங்கள் வழிகாட்டி, அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு நிமிடம் இங்கே பேசாமல் நிற்போம் என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

பாதி நிமிடம் ஆகியிருக்கும். போன் அடித்தது. சாமி பாட்டு, முழுச் சத்தம். என்னுடையதுதான். கையுறையோடு அணைக்க வரவில்லை, அழுத்தியதில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. "சாப்பிட்டியாடா?" என்று அம்மா குரல், அந்தத் தெரு முழுக்க.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. வழிகாட்டி மறுபடி கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வடமராட்சி:

வணக்கம். நான் நடைக்குப் போனது என் மாமாவுக்காக. டோட்முண்டில் இருக்கிறார், 1984இல் இலங்கையிலிருந்து வந்தவர். இந்த நடை வரை பேர்லினுக்குத் திரும்பிப் போனதே இல்லை.

அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் வந்த பாதை சிலருக்குத் தெரிந்திருக்கும். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையம், அங்கே இடைவழி விசா, பிறகு பிரீட்ரிக் தெரு நிலையம், அங்கிருந்து புகையிரதத்தில் மேற்கு பேர்லின். சுவர் உள்ளே இருந்தவர்களைத்தான் மறித்தது. எங்களை அது மறிக்கவில்லை. மேற்குப் பக்கத்தில் சோதனையும் இல்லை, சோதனை வைத்தால் அதை ஒரு நாட்டு எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இறங்கினவுடன் அசூல், அதாவது அகதித் தஞ்சம், அடித்தார்கள். 1985 யூலையில் கிழக்கு ஜேர்மனி அந்த வழியைத் தமிழருக்கு அடைத்தது, மேற்கு ஜேர்மனி விசா இல்லாதவர்களை விடமாட்டோம் என்று.

பிரீட்ரிக் தெரு நிலையத்தோடு சேர்ந்த கண்ணாடிக் கட்டடத்தைக் கண்ணீர் மாளிகை என்பார்கள். இப்போது அருங்காட்சியகம். மேற்கிலிருந்து வந்து போகும் உறவினரைக் கிழக்கில் இருப்பவர்கள் அழுது வழியனுப்பிய இடம். வழிகாட்டி அந்தக் கதையை நல்லாகத்தான் சொன்னார், ஒரு அமெரிக்கப் பெண் கண்ணைத் துடைத்தார். கடவுச்சீட்டுப் பார்க்கும் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒடுக்கமானது, ஓர் ஆள்தான் நிற்கலாம்.

மாமா அதற்குள் போனார். தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் கேட்கவில்லை, கூண்டுக்குள் ஆளும் இல்லை. கை தன்பாட்டில் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

"மாமா, வாங்கோ, ஆக்கள் வெளிக்கிட்டினம்" என்றேன்.

"பொறு தம்பி. இதுக்குள்ளதான் நிண்டனான். இவன் சீல் குத்தாட்டி திரும்ப கொழும்புதான் எண்டு நிண்டனான். எல்லாரும் அழுதினம் எண்டு இந்தப் பெடியன் சொல்லுறான். நான் சிரிச்சனான், மற்றப் பக்கம் போய்."

இதை வழிகாட்டிக்கு டொச்சில், ஜேர்மன் மொழியில், சொல்லுங்கோ என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். நான் சொல்லியிருக்கலாம், எனக்கு டொச் அவரைவிட நன்றாக வரும்.

கத்திரிவெயில்:

வடமராட்சி அண்ணா, இது தெரியாது எனக்கு. நன்றி.

ஆனால் நூலகர் அம்மாவுக்கு ஒன்று. நாம் ஏன் எப்போதும் தலை குனிந்து நிற்க வேண்டும்? பெர்லினில் போஸுக்கு முன்பே நம் செண்பகராமன் பிள்ளை இருந்தார். முதல் உலகப் போரிலேயே அங்கிருந்து நம் விடுதலைக்கு வேலை செய்தவர். 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் வந்து சென்னையில் குண்டு போட்டவர். எந்த வழிகாட்டியாவது அவர் பெயரைச் சொல்கிறாரா?

சும்மா இருப்பவன்:

எம்டன் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22, உண்மை. பிள்ளை அதில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது, மேடையில் சொல்லிச் சொல்லி ஊறிப்போன கதை. அவர் பெர்லினில் இருந்ததும், 1934இல் அங்கேயே இறந்ததும் உண்மை. அது போதாதா? நான் பெர்லின் போனதில்லை, சும்மா படிக்கத்தான் வந்தேன்.

மணி மாமா:

சைக்கிள் ராஜா, கொப்புளம் வந்தால் தெரியும்.

தெருமுனை:

கத்திரிவெயில், ஆங்கிலம் வரும். நீங்கள் எழுதிய பதில் எல்லாம் எனக்கும் தெரியும், அன்று ராத்திரியே படுத்துக்கொண்டு அவ்வளவையும் கோர்வையாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. முதலில் எழுத விட்டுப்போனது: நினைவிடத்துக்கு அந்தப் பக்கம் ஹன்னா அரெண்ட் தெரு. அங்கே சாலை கடக்கும்போது பாட்டி ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேடு ஏறியதும் விட்டுவிட்டார்.

பழைய நூலகர்:

யாராவது இந்த வருடம் போகிறீர்களா? காலை பத்து மணி நடை, பச்சைக் குடை, இடது காதில் சின்ன வளையம் போட்ட பையன். பேபெல்பிளாட்ஸில் அவன் யாழ்ப்பாணத்தைச் சொன்னால், 97,000 என்று திருத்திவிடுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.