'லியா' விகுதிக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை முதுகலை வகுப்பில் மெக்சிகோவின் நவாட்டில் மொழியைப் பற்றிப் பாடம். அதில் வினையோடு 'லியா' சேர்ந்தால், செயல் யாரைத் தொடுகிறதோ அவர் செயப்படுபொருளாக வினைக்குள்ளேயே வந்துவிடுகிறார். 'நிக்சீவா': அதைச் செய்கிறேன். 'நிமிட்ஸ்சீவிலியா': உனக்கு அதைச் செய்கிறேன். நடுவில் இருக்கும் 'மிட்ஸ்' உன்னைக் குறிக்கிறது. 1645-இல் கரோச்சி பாதிரியார் தம் இலக்கணத்தில் ஆண்ட 'அப்ளிகாதிவோ' என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. தமிழில் 'பயனுறு வினை' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

---

அம்மா, 'பயனுறு' வேண்டவே வேண்டாம். 'இச்தெக்கி' என்றால் திருடு. 'இச்தெக்கிலியா' என்றால் ஒருவரிடமிருந்து திருடு. பறிகொடுத்தவருக்கு என்ன பயன்? தமிழில் 'திருடிக் கொடுத்தான்' என்றால் யாருக்கோ உதவினான் என்று பொருள், அங்கே அப்படியில்லை. நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் 'கொடை பகை' என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாரே, அந்தப் பார்வைதான் இங்கே வேண்டும். வீரசோழியம் என்ற இலக்கண நூலின் மரபில், ஒன்றைக் கொள்பவரைக் குறிக்கும் 'கோளி' என்ற பெயர் உண்டு. 'கோளி வினை' எனலாம். கோளி, கொள்வினை, கொள்முதல், கொள்ளை எல்லாம் 'கொள்' என்ற ஒரே வேரில் பிறந்தவை. நன்மையும் தீமையும் அந்த வேரிலேயே இருக்கின்றன.

---

ஐயா, வேராராய்ச்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் 'கோளி' என்று கரும்பலகையில் எழுதினால் கோள்களைப் பற்றிய பாடம் என்றுதான் மாணவர் நினைப்பார்கள். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 'மிக்கி' என்றால் இற. பெரியவர் ஒருவர் இறந்தால் 'மோமிக்கிலியா' என்பார்கள். 'மோ' தன்னைச் சுட்டும் முன்னொட்டு. அதோடு 'லியா' சேர்ந்து மரியாதையைக் காட்டுகிறது. நாம் 'காலமானார்' என்பதுபோல. இங்கே கொள்பவர் யார், கொடுப்பவர் யார்? பொருளை விட்டுவிட்டு வடிவத்துக்குப் பெயர் வைப்போம்: 'சேர்ப்பு வினை'. வினைக்கு ஓர் ஆளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

---

இருவருக்கும் நன்றி. மேலும் நால்வர் தனி மடலில் 'சேர்ப்பு வினை' போதும் என்றார்கள். நேரமில்லை, அதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். 'கோளி' அடிக்குறிப்பில் இருக்கிறது.

---

அம்மா, அச்சுக்குப் போனது போகட்டும். என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். 'உண்டான்' என்பதை 'உண்பித்தான்' ஆக்கினாலும் ஓர் ஆள் சேர்கிறாரே. நவாட்டிலிலும் அந்த வேலைக்கு 'தியா' என்று வேறு விகுதி இருக்கிறது. இரண்டும் ஆளைச் சேர்க்கின்றன என்றால், மாணவர் எதைப் பார்த்து இதைப் பிறவினையிலிருந்து பிரித்தறிவார்?