நான்கு சர்வர் செஃப் கிளஸ்டர்: பராமரிப்பு நடைமுறை குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் செஃப் (Ceph) மென்பொருளில், நான்கு சர்வர்கள் கொண்ட கிளஸ்டர் ஒன்றை நிர்வகித்து வருகிறேன். தரவு மூன்று பிரதிகளாக வெவ்வேறு சர்வர்களில் இருக்கிறது. வாசிப்பும் எழுத்தும் நடக்கத் தேவையான குறைந்தபட்சப் பிரதிகள் (min_size) 2.

ஒரு சர்வரை நிறுத்தினால், இயல்பு அமைப்பில் 600 விநாடிகளுக்குப் பின் அதன் வட்டுகள் விலக்கப்பட்டுத் தரவு இடம்பெயரத் தொடங்கிவிடும் என்பதால், முதலில் அப்படி விலக்குவதைத் தடுக்கும் ‘நோஅவுட்’ (noout) அமைப்பை இட்டு, சர்வர் திரும்பி வந்து எல்லாப் பிஜிக்களும் (PG, தரவைப் பிரித்து வைக்கும் தொகுதிகள்) ‘ஆக்டிவ்+கிளீன்’ ஆன பிறகே, அதாவது எல்லாப் பிரதிகளும் முழுமையாகச் சரியான பிறகே, அடுத்ததைத் தொடுகிறேன். ஆனால் அந்த இடைவெளியில் இன்னொரு சர்வரில் ஒரு வட்டு பழுதானால், ஒரே பிரதி மிஞ்சும் பிஜிக்களில் வாசிப்பும் எழுத்தும் நின்றுவிடும். குறைந்தபட்சத்தை 1 ஆக்கச் சிலர் சொல்கிறார்கள். தரவிழப்புக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது போன்றது அது என்பதால் எனக்கு உடன்பாடில்லை. பராமரிப்புக்கு முன்பே அந்தச் சர்வரின் தரவை மற்றவற்றுக்கு நகர்த்திவிடுகிறீர்களா, அல்லது நான்கு பிரதிகள் வைத்துக்கொள்கிறீர்களா?

மற்றொன்று கொள்ளளவு. வட்டு நிரம்புகிறது என்ற எச்சரிக்கை 85 சதவீதத்தில்தான் வருகிறது. ஒரு சர்வர் முழுவதுமாகப் போனால் மீதி மூன்றே அந்த 85 சதவீதத்தைத் தாண்டாமல் அனைத்தையும் தாங்க வேண்டுமென்பதால், பயன்பாடு ஏறத்தாழ 63 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. வட்டுகளுக்கிடையே தரவு சமமாகப் பரவாத நிலையில் இதற்கும் கீழே நிறுத்துவது நல்லதா? இத்தகைய கிளஸ்டர்களை நடைமுறையில் இயக்குபவர்கள் தாங்கள் பின்பற்றும் வரம்பைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.