புதுப்பிப்பு: வெள்ளி நானோ துகளும் சாயக் கழிவுநீரும்

வெள்ளி நானோ துகளோடு சோடியம் போரோஹைட்ரைடு என்ற ஒடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் அறை வெப்பத்திலேயே சாய நிறம் வெளுக்கிறது, நிஜச் சாயக் கழிவில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். பார்த்தாயிற்று.

காய்ச்சி வடித்த தூய நீரில் அழகாகத்தான் இருக்கிறது. சோதனைக்கு எடுத்த 4-நைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளின் மஞ்சள் கண்ணெதிரே மறைகிறது. கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்தால், 400 நானோமீட்டர் முகடு விழுந்து 300 பக்கம் புதிதாக ஒன்று எழுகிறது. அது அமினோபீனால், அதுவும் நச்சுதான்! நிறம் போனதைச் சுத்திகரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

திருப்பூர்ச் சாயத் தண்ணீரில் கதையே வேறு. உப்பு அதிகம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளித் துகளின் மஞ்சள் கரைசல் சாம்பலாகி அடியில் படிந்துவிடுகிறது. சரி என்று இப்போது துகள்களை அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மணிகளில் பதித்துப் பார்க்கிறோம். உப்பைத் தாங்குகிறது, வேகம்தான் குறைவு.

இந்த முறைக்கு மொத்தம் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. போரோஹைட்ரைடு தயாரிக்கவே நிறைய ஆற்றல் பிடிக்கும், அதையும் சேர்த்துதான் எழுத வேண்டும்.