கும்மிடிப்பூண்டி சுற்று வட்டாரத்தில் வீடு, மனை: கண்ணால் கண்டதைப் போடுங்கள்

எளாவூர் ஏரிக்கரை:

ஒரு வாய்க்கால் கோடு இன்னும் உறுத்துகிறது. கவரைப்பேட்டைக்கு மேற்கே ஒரு லேஅவுட். வளைவு, தார் ரோடு, மஞ்சள் கல் எல்லாம் சரி. வில்லங்கம் 30 வருஷத்துக்கு சுத்தம். பட்டா இருக்கிறது. ஆனால் புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், நாலு மனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இரட்டைக் கோடு போகிறது. தரையில் பார்த்தால் வாய்க்காலே இல்லை, சவுடு கொட்டி மட்டம் பண்ணியாச்சு. படத்தை வண்டி பானெட்டின் மேல் விரித்ததும் புரோக்கர் அதை நாலாக மடித்துக் கையில் கொடுத்து, "இது வெள்ளைக்காரன் மேப்பு சார், இப்ப செல்லாது" என்றார். செல்லும். மழை வந்தால் தண்ணிக்கும் அந்த மேப்புதான் தெரியும்.

வில்லங்கச் சான்று பத்திரப் பதிவை மட்டும்தான் காட்டும். நிலம் என்ன வகை என்று சொல்லாது. அதற்கு அ-பதிவேடு எடுக்க வேண்டும். சர்வே எண்ணும் உட்பிரிவும் தெரிந்தால் வருவாய்த் துறை இ-சேவைத் தளத்திலேயே அ-பதிவேடு, புலப்படம் ரெண்டையும் பார்க்கலாம். "வாய்க்கால்", "ஓடை", "வண்டிப்பாதை", "மேய்க்கால்", "ஏரி உள்வாய்" என்று ஏதாவது இருந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள். பக்கத்து சர்வே எண்ணையும் சேர்த்துப் பாருங்கள், வாய்க்கால் பாதி அதில் இருக்கும். அப்புறம் எல்லைக் கல்லிலிருந்து டேப் பிடித்துப் படத்தில் உள்ள மீட்டர் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கல் இல்லை என்றால் பணம் கட்டி சர்வேயர் அளவை. புரோக்கரின் காலடிக் கணக்கு வேண்டாம்.

லேஅவுட்டுக்கு டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் எண் இருக்கா, ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் இருக்கா (500 சதுர மீட்டருக்கு மேல் போனாலே ரெரா வேண்டும்), சாலையைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாச்சா என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. தானப் பத்திரம் இல்லாத சாலை தனியார் நிலம். தெருவிளக்கும் வராது, மறு தாரும் வராது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒன்று சொல்வார்கள். லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. 20-10-2016க்கு முன் பத்திரம் ஆன, ஒப்புதல் இல்லாத மனை என்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மூர்மார்க்கெட் சீசன்:

நிலத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், டைம்டேபிளைப் பார்ப்பதில்லை. "சென்ட்ரலுக்கு 48 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்" என்று விளம்பரம். ஆனால் பொன்னேரியில் லூப்பில், அதாவது ஒதுங்கி வழிவிடும் பாதையில், நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எக்ஸ்பிரஸ், அதன் வாலைப் பிடித்தபடி இன்னொன்று, பின்னாலேயே கூட்ஸ். கையில் டிபன் பாக்ஸோடு வாசலில் நிற்கிற கூட்டம் சிக்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். மின்சார ரயில், கல்கத்தா, தில்லி, விஜயவாடா வண்டிகள், நிலக்கரி கூட்ஸ் எல்லாம் ஒரே பாதையில்தான் போகின்றன.

எனவே வீடு பார்க்கிறவர் மனைக்கு முதலில் போக வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டேஷனில் ஏறி வேலை இடம் வரை போய், அன்றைக்கே மாலை திரும்பிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, எளாவூர், ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை வரை போகிற வண்டிகள் மிகவும் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்பதுதான் அங்கே வாடகை குறைவாக இருப்பதற்கான காரணம். மின்சார ரயிலில் கழிவறை கிடையாது, இன்னும் தூரம் போகிற மெமு வண்டியில் உண்டு. வயதானவரைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வீடு இதைக் கணக்கில் வைக்கணும். சாலை வழி என்றால் நல்லூர் சுங்கச்சாவடிக் காசையும் மாதச் செலவில் எழுதுங்கள். பஸ்ஸுக்கு மாதவரம். கோயம்பேடு என்று பழைய ஞாபகத்தில் போய் நிற்காதீர்கள்.

போர்வண்டி:

ஏரிக்கரை சொன்ன மனையில் தண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்தப் பக்கம் அதுதான் முதல் கேள்வி.

மீஞ்சூர் தாண்டி ஒரு வீடு. நாற்பதடியில் இளநீர் மாதிரித் தண்ணி வந்தது. "இன்னும் கொஞ்சம் போனா நிறைய கிடைக்கும்" என்று வீட்டுக்காரர் நூத்திப்பத்து வரை இறக்கச் சொன்னார். மறுநாள் காலை எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம். அவ்வளவுதான், அந்த போர் போனது.

மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உள்ளே வந்தது 1960களின் கடைசியிலேயே தெரிந்த விஷயம். நகரத்துக்குக் குடிநீர் எடுத்த கிணற்று வயல்களே உப்பாயின. 2010ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும் அதே ஊர்ப் பக்கம்தான். மணற்பாங்கான இடத்தில் மழைத் தண்ணி மேலே மிதக்கும், உப்பு கீழே நிற்கும். மேலே நல்ல நீர் மட்டம் ஓரடி இறங்கினால் உப்பு கீழிருந்து நாற்பதடி வரை ஏறும் கணக்கு. ஆகவே ஆழம் போகாதே, வேகமாக இறைக்காதே. அரை எச்.பி. மோட்டார் போதும். ஆயிரம் லிட்டர் தொட்டியை ஒரே மூச்சில் ரொப்பாமல் காலை பாதி, சாயங்காலம் பாதி என்று ரொப்புங்கள். ஃபில்டர் பைப்பை, அதாவது துளை போட்ட பைப்பை, நல்ல மணல் அடுக்குக்கு நேராக மட்டும் வைத்து, மற்ற இடமெல்லாம் கட்டியான பைப். வண்டிக்காரர் மேலிருந்து கீழ்வரை துளை போட்ட பைப்பை இறக்கினால் நல்ல தண்ணியும் உப்பும் ஒன்றாகக் கலக்கும்.

வாங்கப் போகிற வீட்டில் டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டரை மூன்று முறை வையுங்கள்: மோட்டார் போட்டதும், ஒரு மணி கழித்து, மூன்று மணி கழித்து. மூன்றாவது எண் ஏறிக்கொண்டே போனால் உப்பு வந்துகொண்டிருக்கிறது. டிசம்பரில் பார்க்காதீர்கள், மே மாதம் பாருங்கள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 மில்லிகிராம் வரை. 2000க்கு மேல் போனால் வீட்டு ஆர்.ஓ. மெம்பிரேன் சீக்கிரம் போய்விடும். அப்போது ஒரு குடம் நல்ல தண்ணிக்கு மூன்று குடம் கழிவு என்று போகும். சாஃப்ட்னர் விற்கிறவரிடம் ஏமாறாதீர்கள். அது சுண்ணாம்பை எடுக்கும், உப்பை எடுக்காது.

கொத்துக்கரண்டி:

போர்வண்டி குடிக்கிறதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதே தண்ணியில்தான் கான்கிரீட்டும் போடுகிறார்கள். ஐந்தே வருஷமான வீடு, ஹால் சீலிங்கில் துருக் கோடு வரிசை வரிசையாக, கம்பி எங்கெங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்த மாதிரி. விரலால் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம். இஞ்சினியர் வந்து "நல்ல சிமெண்ட்தான், நல்ல கம்பிதான்" என்றார். தண்ணியை யாரும் கேட்கவில்லை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456 படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு ஆகாது. டி.டி.எஸ். மீட்டர் குளோரைடைத் தனியாகக் காட்டாது. ஒரு லிட்டர் கேனை அதே தண்ணியில் மூன்று முறை அலசிப் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். தாண்டினால் லாரித் தண்ணி. மூட்டைக்கு 25 லிட்டர்தான், பெரிய செலவில்லை. க்யூரிங்குக்கும் அதே லாரித் தண்ணி. "ஊத்துறதுக்குத்தானே" என்று உப்புத் தண்ணியை மட்டும் பிடிக்காதீர்கள். கம்பிக்கு அடியில் இடைவெளிக்கு வைக்கிற கவர் பிளாக் 20 மி.மீ. என்பது உள்நாட்டுப் பழக்கம். கடல் காற்று படுகிற ஊரில் உள் ஸ்லாபுக்கு 30, வெளியே தெரிகிற சன்ஷேடு, பால்கனிக்கு 45. கொத்தனார் ஜல்லித் துண்டு வைத்தால் எடுத்து வீசுங்கள்.

அடுத்து மண் நிரப்பு. 1200 சதுர அடி மனையை மூன்றடி ஏற்ற 3600 கன அடி, அதாவது 36 யூனிட். அமுங்குவதற்குக் கால் பங்கு சேர்த்து 45 யூனிட். மூன்று யூனிட் லாரியில் பதினைந்து லோடு. பேசும்போது லோடு கணக்கில் பேசாதீர்கள், யூனிட்டில் பேசுங்கள். மேல் குவியலைத் தட்டிவிட்ட லாரியில் அரை யூனிட் குறையும். ஏரி வண்டல் வேண்டாம், சவுடுதான். முக்கால் அடிக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் விட்டு இடித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. ஒரே நாளில் கொட்டி மட்டம் பண்ணின மனையில் முதல் மழையிலேயே போர்டிகோ தரை தனியாக இறங்கும். முன்பு நெல் விளைந்த இடம் பெரும்பாலும் களிமண்தான். மண் பரிசோதனை செய்து, தேவையென்றால் அண்டர் ரீம் பைல் (அடி அகன்ற கான்கிரீட் தூண்) போடுங்கள்.

தடா தாண்டி:

இவ்வளவு தலைவலி எதற்கு? ஆரம்பாக்கத்திலிருந்து அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. அங்கேயும் தமிழ்தான் பேசுகிறோம். பதிவுச் செலவு அங்கே 7½ சதவீதம், இங்கே 9. விலையும் குறைவு. ஒரே ஒரு மனை மட்டும் கண்ணில் நிற்கிறது: விலை கேட்டால் சொன்னவர் அங்கணத்தில் (அந்தப் பக்கத்து நில அளவு) சொன்னார், வாங்க வந்தவர் சென்ட் என்று நினைத்துத் தலையாட்டினார். வேலி போடும்போதுதான் தெரிந்தது. அங்கணம் ஊருக்கு ஊர் மாறும். சதுர கஜத்தில் எழுதச் சொல்லுங்கள், ஒரு கஜம் ஒன்பது சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

எளாவூர் ஏரிக்கரை:

தடா அண்ணே, ஒன்றரை சதவீதத்துக்காக எல்லை தாண்டச் சொல்கிறீர்கள். டி.கே.டி. பட்டா என்று ஒன்று இருப்பதைச் சொல்லவில்லையே. நிலமில்லாதவருக்கு அரசு கொடுத்த நிலம். 1977ம் வருஷச் சட்டப்படி அதை விற்க முடியாது, வாங்கினவருக்கு உரிமை வராது. அட்டை அழகாக இருக்கும், பாஸ்புக்கும் இருக்கும். 2023ல் சட்டம் திருத்தி, இருபது வருஷம் கடந்தவற்றுக்கு முழு உரிமை என்றார்கள். அந்த உரிமை நிலம் பெற்றவருக்கும் வாரிசுக்கும்தான். அந்த சர்வே எண் 22-ஏ தடைப் பட்டியலிலிருந்து (பத்திரம் பதியக் கூடாத நிலங்களின் பட்டியல்) நீங்கியதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். ஆந்திர நில ஆவணத் தளமான மீபூமியில் அடங்கலும் 1-பியும் (நில உரிமைப் பதிவு) எடுத்து, "குண்ட" (குட்டை), "வாகு" (ஓடை) என்ற தெலுங்குச் சொற்கள் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். தெலுங்கு வாசிக்கத் தெரிந்த வக்கீல் வேண்டும், பேசத் தெரிந்தவர் போதாது.

கேட்காத இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இருக்கிற வீடு, பள்ளியை எந்தப் பக்கம் சேர்க்கிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. தடாவில் ஆறாம் வகுப்புச் சேர்த்துவிட்டுப் பத்தில் திரும்பி வந்தால் அது போச்சு. சாதிச் சான்றும் அப்படியே. இங்கே பி.சி. என்றால் அங்கே தானாக பி.சி. ஆகாது. வண்டி எண் டி.என். ஆக இருந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே ஓடினால் எண் மாற்ற வேண்டும், அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்று. கரண்ட் பில் இங்கே ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை, முதல் 100 யூனிட் இலவசம். அங்கே மாதாமாதம்.

தடா தாண்டி:

டி.கே.டி.யைச் சொன்னது சரி. ஆனால் உங்கள் ஊர் வாய்க்காலை மூடி விற்றதும் அதே மாதிரிதானே? எல்லை மாறுகிறது, புரோக்கர் மாறவில்லை.

ஆரணியாறு:

பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை ஆரணி ஆறு ஏறும். ஆற்றங்கரை மனையைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

உறுத்துவது வேறு: நவம்பர் மாதம், தரைத்தள வீடு, வெஸ்டர்ன் கோப்பையில் குமிழி. வெளியே மழை விட்டு ரெண்டு நாள் ஆச்சு. உள்ளே தண்ணீர் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்று கழிவுநீர் லாரியைக் கூப்பிடுவார்கள். முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். வெளியேறும் 'டி' பைப்புக்கு மேல் தண்ணி நின்றால் டேங்க் மீது குற்றமில்லை, உறிஞ்சு குழி உறிஞ்சவில்லை. நிலத்தடி நீர் குழியின் மட்டத்துக்கே ஏறிவிட்டது. லாரி உறிஞ்சினால் அடுத்த நாள் மீண்டும் அதே மட்டம். அதிலும் பிளாஸ்டிக் டேங்க் என்றால் காலி பண்ணவே கூடாது. வெறும் டேங்க் ஈர மண்ணில் படகு மாதிரி மேலே மிதந்து பைப்பைப் பிடுங்கிவிடும்.

ஐந்து பேருக்கு டேங்க் உள் அளவு ஐந்தடிக்கு இரண்டரை அடி, மூன்றேகால் அடி ஆழத்துக்குத் தண்ணி, அதற்கு மேல் ஓரடி காலி. அடிப்பக்கம் கான்கிரீட். உறை இறக்கி அடியைத் திறந்து விடுவது இங்கே வழக்கம். அது செப்டிக் டேங்கே இல்லை, பக்கத்து வீட்டு போருக்குக் கொடுத்த பைப். உறிஞ்சு குழிக்கும் குடிநீர் போருக்கும் அறுபதடி இடைவெளி வேண்டும் என்பது தரம். 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே ஐம்பதடி. எனவே இந்த அளவு மனையில் குடிக்கும் தண்ணீருக்கு போரை நம்பாதீர்கள். டேங்க்கைத் தரைக்கு மேலே தெரிகிற மாதிரி ஏற்றிக் கட்டுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும்.

மூர்மார்க்கெட் சீசன்:

கட்டி முடித்த வீட்டில் என்ன செய்வது? தண்ணியைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் நிற்குமா?

ஆரணியாறு:

நிற்கும். 110 மி.மீ. லைனுக்குக் கிடைக்கிறது. டேங்க்குக்கு முந்தின சேம்பரில், கை விட்டுக் கழுவுகிற மாதிரி மூடி வைத்துப் போடணும். மடலில் துணி, முடி சிக்கினால் மூடாது. ஆனால் மாடி லைனும் அதே சேம்பருக்கு வந்தால் போடாதீர்கள். வால்வு மூடியிருக்கும்போது மாடியில் ஃபிளஷ் பண்ணினால் அது கீழ் வீட்டுக் கோப்பை வழியாகத்தான் வெளியே வரும். மாடி லைனைத் தனியாக டேங்க்குக்குக் கொண்டுபோய்விட்டு, கீழ்த்தள லைனில் மட்டும் வால்வு.